விரதக்காரர்கள் வந்த கருவாட்டுக் கடை

பாகான் நக்கோடா ஓமாரில் படகுத் துறைக்குப் போகும் சாலையில் கடைசிக் கடை லில்லியனுடையது. அதைத் தாண்டினால் சேறும் கடலும்தான். கார் ஓட்டி வருகிறவர்களுக்கு வண்டியைத் திருப்ப அவள் கடை வாசலை விட்டால் வேறு இடம் கிடையாது. திருப்ப வந்தவர்களைத் திரும்ப விடாமல் பிடித்து வைப்பதில் லில்லியன் கெட்டிக்காரி. கண்ணாடியை இறக்கி யாராவது வழி கேட்டால் போதும், பொரித்த கருவாடு ஒரு துண்டு உள்ளே நீளும். வழி சொல்வதெல்லாம் அதைத் தின்று முடித்த பிறகுதான்.

ஆள் பருமன். குரல் ஆளைவிடப் பருமன். அவள் கடைக்குள் தும்மினால், துறையில் வலை உதறிக்கொண்டிருப்பவர்கள் அங்கிருந்தே நலம் விசாரிப்பார்கள். தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றிலும் சண்டை போடுவாள். மூன்றிலும் உடனே சமாதானமும் ஆகிவிடுவாள். கடையில் வஞ்சிரம் என்கிற தெங்கிரிக் கருவாடு, சுறா, கெலாமா, தலை கிள்ளிய நெத்திலி, தலை கிள்ளாத நெத்திலி, கூனி இறால், பெலாச்சான் என்கிற இறால் விழுது, மீன் அப்பளமும் இறால் அப்பளமுமாகக் கெரோப்போக் என்று எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் நீந்தாத பொருள் என்று பார்த்தால், வெயிலுக்கு யாராவது வாங்கட்டும் என்று வாசலில் தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் தொப்பிகள் மட்டும்தான்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. ருசி பார்க்காமல் யாரும் எதையும் வாங்கக் கூடாது. வாசலிலேயே ஓர் அடுப்பு, அதன் மேல் ஒரு சின்ன இரும்புக் குவாலி, எந்நேரமும் காய்ந்த எண்ணெய். அவசரமாகக் காசை நீட்டுகிறவரிடம்கூட, "ஒரு துண்டு வாயில போடுங்க, அப்புறம் காசு" என்பாள். தின்றுவிட்டு வேண்டாம் என்று போகிறவர்கள் உண்டு. தின்றே வயிறு நிறைந்து போகிறவர்களும் உண்டு. கோலாலம்பூரிலிருந்து வரும் சில குடும்பங்கள் இங்கேயே பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, போகும்போது பல் குத்தக் குச்சி இருக்கிறதா என்று வேறு கேட்பார்கள். அவள் கணவர் சில்வெஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். லில்லியன் அசைய மாட்டாள்.

அவள் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பாவுக்குச் செம்பனைக் குலை வெட்டும் வேலை. சில்வெஸ்டருக்கு வாழ்க்கைப்பட்ட புதிதில், மாமியாருக்கு வாய்க்கு ருசியாகச் செய்துபோட வேண்டும் என்று டவுன் சந்தையில் சுறாக் கருவாடு வாங்கினாள். வெளியே உப்பு, உள்ளே புழு. மாமியார் குழம்பைச் சட்டியோடு கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டினார். அன்றைக்கு அந்த அம்மாள் சொன்னதை லில்லியன் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. சில்வெஸ்டர்தான் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். கடைச் சட்டம் அந்த வாய்க்காலில் பிறந்தது.

சில்வெஸ்டருக்குப் பாகானில் ஐஸ் ஆலையில் வேலை கிடைத்ததும் இருவரும் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தார்கள். லில்லியன் ஆலை வாசலில் கெரோப்போக் பொரித்து விற்றாள். தட்டு மேசையாயிற்று, மேசை கடையாயிற்று, முப்பது வருஷம் போனதே தெரியவில்லை. சுற்றிலும் மலாய்க்காரர்களும் சீனர்களும்தான். பக்கத்துக் கடையில் வாழைப்பழம் பொரித்து விற்கும் ரொஸ்னாவை 'கக்' என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். கக் ரொஸ்னா நோன்பு திறக்கும் நேரம் லில்லியனுக்கு மனப்பாடம். சீனர்கள் எந்த நாட்களில் படகு இறக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். தன்னுடைய தவக்காலத்தைச் சொல்லவே வேண்டாம். தமிழ் மாதங்களை மட்டும் லயத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். அவை தன்னிடம் இல்லை என்பதே அவளுக்கு ரொம்ப நாள் தெரியவில்லை.

கொஞ்ச காலமாகக் கடைக்கு இறங்குமுகம். செகிஞ்சானில் பெரிய பெரிய கடைகள் வந்துவிட்டன. உள்ளே குளுகுளுவென்றிருக்கும், பஸ் நிறுத்த இடம் இருக்கும், கழிப்பறை வரிசையாக இருக்கும். வயல் பார்க்க வரும் பஸ்கள் அங்கேயே நின்று, அங்கேயே வாங்கி, அங்கிருந்தே திரும்பிவிடுகின்றன. பாகான் வரைக்கும் வருகிறவர்கள் பெரும்பாலும் வழி தவறியவர்கள். வழி தவறியவர்களை நம்பி எத்தனை நாள் கடை நடத்த முடியும்?

மகள் அலீசியா ஷா ஆலமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பாட்டு.

"மம்மி, எதுக்கு இந்தக் கஷ்டம்? கடைய குளோஸ் பண்ணிட்டு வாங்க லா. ஈதனுக்கு நீங்க வேணும்."

ஈதன் ஒரு வயதுப் பேரன். லில்லியனின் பலவீனம் அவன்தான். கைபேசியில் அவன் படம் வந்தால் அடுப்பிலிருக்கும் மீன் கருகும். ஆனால் அந்த வீட்டுக்குப் போய் இருந்தபோதெல்லாம் அவளுக்கு மூச்சு முட்டியது. லிஃப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு நெத்திலி பொரித்துக் கொண்டுபோனாள். கதவு ஓட்டை வழியாக ஒரு கண் பார்த்துவிட்டு மறைந்துவிட்டது. வீட்டுக்குள் வந்தால், "மெதுவாப் பேசுங்க மம்மி." மெதுவாகப் பேசுவது எப்படி என்று லில்லியனுக்குத் தெரியாது. அங்கே போனால் சீக்கிரம் செத்துப்போய்விடுவோம் என்று அவள் நிஜமாகவே பயந்தாள். பேரனை நினைத்தால் போகவும் ஆசை. இந்த இழுபறியில்தான் ஜெயதீபன் வந்து சேர்ந்தான்.

ஜெயதீபன் சனிக்கிழமைகளில் சுற்றுலா பஸ் விடுகிற இளைஞன். செகிஞ்சான் வயல், கடற்கரை, மாலையில் கோலா சிலாங்கூரில் மின்மினி, இதுதான் அவன் பயணம். ஒருநாள் வழி தவறிப் பாகானுக்கு வந்து, கார் சன்னல் வழியாகத் தெங்கிரித் துண்டு ஒன்றைத் தின்று, அன்றே லில்லியனை 'ஆன்ட்டி' ஆக்கிக்கொண்டான். நல்ல பையன். ஒரே குறை, எதையும் பாதிதான் சொல்வான். ஒருநாள் போனில் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, இந்த ட்ரிப் ஃபுல்லா நம்ம ஆளுங்க. கிள்ளான்லேருந்து வர்றாங்க. நல்லாப் போச்சுன்னா வாரா வாரம் பஸ்ஸ உங்க கடையிலதான் நிப்பாட்டுவேன். ஒரு விஷயம், நிறையப் பேரு விரதத்துல இருக்காங்க. ஓகே லா?"

"விரதமா? அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு தம்பி! நம்ம கடை அதுக்குன்னே இருக்கற கடைலா!"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவளுக்குத் தெரிந்த விரதம் தவக்காலத்து விரதம். தவக்காலத்தில் ஆடு, கோழி எதையும் தொடக் கூடாது. அதற்குப் பதில் மீன். கோலா சிலாங்கூர்த் தேவாலயத்து ஆட்கள் வருஷா வருஷம் அந்த வெள்ளிக்கிழமைகளில் அவள் கடையைத்தான் காலி செய்வார்கள். விரதக்காரர்களைவிட நல்ல வாடிக்கை அவளுக்கு வாய்த்ததே இல்லை. ஜெயதீபனும் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டான். அவன் பெட்டாலிங் ஜெயாவில் தனியாக இருந்து பர்கர் தின்கிறவன். தமிழ் மாதங்களெல்லாம் அவன் அம்மா திட்டும்போதுதான் அவனுக்குத் தெரியவரும்.

லில்லியன் அன்றே மகளைக் கூப்பிட்டாள்.

"பஸ் வருதுடி. நல்லாப் போச்சுன்னா இனிமே கடைய மூடுங்கற பேச்சே எடுக்கக் கூடாது."

"போகலன்னா?"

"போகலன்னா கிறிஸ்மஸுக்கு முன்னாடி மூடிட்டு உன் வீட்டுக்கு வந்துடுறேன். மெதுவாப் பேசறேன்."

"பிராமிஸ்?"

"மாதா மேல சத்தியம்."

அலீசியாவுக்குத் தன் அம்மா மாதாவை வைத்து விளையாட மாட்டாள் என்று தெரியும். சரி என்றாள்.

அதற்கப்புறம் லில்லியனைப் பிடிக்க முடியவில்லை. படகுக்காரர்களிடம் போய் நல்ல தெங்கிரியாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். சில்வெஸ்டர் மாடியில் காயவைத்து, பூனை விரட்டி, மழைக்கு ஓடி ஓடி எடுத்து உள்ளே வைத்தார். "இவ்வளவா?" என்று அவர் கேட்டதற்கு, "விரதக்காரங்க, கறியே தொட மாட்டாங்க, வீட்டுக்கு ஒரு கிலோவாவது வாங்குவாங்க" என்று சொன்னாள். அதுவும் சரிதான் என்று அவருக்கும் பட்டது. அவரும் அதே தேவாலயம்தானே.

சனிக்கிழமை வந்தது. பஸ்ஸும் வந்தது. லில்லியன் பூப்போட்ட கவுனும் புது ரப்பர் செருப்புமாகப் பொரித்த தட்டை ஏந்திக்கொண்டு பஸ் கதவுக்கு நேராகப் போய் நின்றாள்.

முதலில் இறங்கியவர் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் பளிச்சென்று நாமம். அவருக்குப் பின்னால் தலை நிறையப் பூ வைத்த பெண்கள், கையில் துளசி, பிரசாதப் பொட்டலம். கற்பூர வாசனை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து கருவாட்டு வாசனையோடு நடுச் சாலையில் முட்டிக்கொண்டது. இறங்கிய கூட்டம் ஓரடி பின்னால் போயிற்று.

"வாங்க அண்ணே, வாங்க! ஒரு துண்டு வாயில போடுங்க!"

"ஐயையோ," என்றாள் ஓர் அம்மாள், "புரட்டாசி மூணாஞ் சனிம்மா இன்னைக்கு! காலையிலதான் பெருமாளப் பாத்துட்டு வர்றோம்."

"தெரியும்மா, விரதம்னு தம்பி சொல்லிட்டாரு. அதான் பயப்படாதீங்க, ஆடு கோழி ஒண்ணும் கலக்கல. சுத்தமான மீனு."

சீட்டி அடித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர்கூட நிறுத்திவிட்டார். கூட்டத்தின் பின்னாலிருந்து கமலாதேவி முன்னே வந்தார். ஜெயதீபனின் அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். மகன் என்ன தொழில் பார்க்கிறான் என்று நேரில் பார்க்க அன்றைக்கென்று கிளம்பி வந்திருந்தார்.

"பிள்ளை," என்றார் மெதுவாக, "எங்களுக்கு மீனும் ஆகாது."

லில்லியனுக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் லயத்தில் பக்கத்து வீட்டு அடுப்பில் ஒரு மாதம் மீன் ஏறாது. அவளுக்குப் புளிச்சோறும் சுண்டலும் வரும். அந்த மாதத்துக்குப் பேர்தான் புரட்டாசி. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஜெயதீபன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஆன்ட்டி, ஓகேன்னீங்களே!"

"நீ புரட்டாசின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா தம்பி?"

"எனக்கே இப்பத்தான் தெரியும் ஆன்ட்டி."

கமலாதேவி மகனைப் பார்த்த பார்வையில் ஒரு பாடசாலையே அடங்கிப்போயிருக்கும்.

கூட்டம் கக் ரொஸ்னாவின் வாழைப்பழத்தைப் பார்த்து நகர்ந்தது. அங்கே ஒரு சந்தேகம் கிளம்பியது. இந்த எண்ணெயில் மீன் பொரித்திருப்பார்களோ? மலாய் பேசக் கூச்சப்பட்ட ஓர் அம்மாள் லில்லியனையே கேட்கச் சொன்னாள். கக் ரொஸ்னாவிடம் இரண்டு குவாலி. ஒன்றில் வாழைப்பழம், இன்னொன்றில் இறால் வடை. ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும், அந்தக் கூட்டம் இங்கேயும் வாங்காது. தன் தோல்விக்குத் துணையாவது கிடைக்கும். லில்லியனுக்கு அந்த எண்ணம் வரத்தான் செய்தது. வந்த வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தக் குவாலியில வாழப்பழம் மட்டுந்தாம்மா. தைரியமா வாங்குங்க."

கக் ரொஸ்னாவின் வாழைப்பழம் தீர்ந்தது. மாவு தீர்ந்தது. கடைசியில் பொரிக்காத பழத்தையும் சீப்போடு வாங்கிக்கொண்டார்கள். லில்லியனிடம் தொப்பி இரண்டு விற்றது. அவள் கடைக்குள் போய் நெத்திலி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"ஏங்க, பெட்டி எங்க இருக்கு? ஷா ஆலமுக்குத் துணி எடுத்து வைக்கணும்."

சில்வெஸ்டர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தார். அவள் கவுன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் நாமம் போட்ட பெரியவர் ஆடி அசைந்து கடை வாசலுக்கு வந்தார். பேர் இராமையா. கிள்ளானில் ரொம்ப வருஷம் லோரி ஓட்டியவர். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மியூசியத்தில் நிற்பதுபோல் தொங்கும் கருவாட்டைப் பார்த்தார்.

"தங்கச்சி, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்தத் தெங்கிரி பொரிச்சா எப்படி இருக்கும்?"

"ஏண்ணே, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதுதான். மூணு வாரத்துல மறந்துபோச்சு."

லில்லியன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கேட்டால் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது.

"ஓரமெல்லாம் முறுகிடும்ணே. நடுவுல சதை ஏடு ஏடாப் பிரியும். சுடுசோத்துல ரசம் ஊத்தி, பக்கத்துல இத வச்சு, விரலால கொஞ்சமாப் பிச்சு..."

"மாங்கா போட்டுக் குழம்பு வச்சா?"

"குழம்பு வச்சா அன்னைக்குத் தொடக் கூடாது. மூடி வச்சுடணும். மறுநாள் காலையில பழைய சோத்துக்கு..."

"போதும் தங்கச்சி," என்று கண்ணை மூடிக்கொண்டார் இராமையா. உடனே கண்ணைத் திறந்து, "இல்ல, சொல்லு" என்றார்.

"அங்க என்ன பண்றீங்க?" சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவி கங்காவின் குரல்.

"கேட்டுக்கிட்டு இருக்கேன். கேட்டா விரதம் முறியாது!"

அவரை இழுத்துக்கொண்டு போக வந்த கங்கா, வந்த இடத்தில் நின்றுவிட்டாள். "கத்திரிக்கா போடுவீங்களா, முருங்கைக்காயா?" என்று கேட்டாள். அவளைத் தேடி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களைத் தேடி நாலு பேர். சற்று நேரத்தில் கூட்டம் மொத்தமும் கடை வாசலில் நின்று, வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டு, லில்லியன் சொல்லும் குழம்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. கதாகாலட்சேபத்துக்குக்கூட அவ்வளவு அமைதி இருக்காது. புரட்டாசி முடிந்த மறுநாளே நல்ல கருவாடாக வேண்டும் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். எல்லாருக்கும் அதே எண்ணம்தான், சொல்லத்தான் தயக்கம்.

"உப்பு எப்படிக்கா இருக்கும்?" என்றாள் ஒருத்தி.

"ஒரு துண்டு வாயில..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த லில்லியன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டம் சட்டம்தான். ருசி பார்க்காதவர்களுக்கு எப்படி விற்பது? கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, உங்க எல்லாருக்கும் சேத்து நான் சாப்பிடுறேன். உள்ளத உள்ளபடி சொல்றேன். ஆனா பொரிச்சா மணம் வருமே, பரவாயில்லையா?"

எல்லாரும் கமலாதேவியைப் பார்த்தார்கள். அவர் மட்டும் சாலைக்கு எதிர்ப்பக்கம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"காத்து எந்தப் பக்கம் போகுது எண்டு பாத்துப் பொரி பிள்ளை," என்றார்.

அடுப்பைத் தூக்கிக் கடல் பக்கம் வைத்தார்கள். லில்லியன் பொரித்தாள், தின்றாள், சொன்னாள். தெங்கிரிக்கு முழு மதிப்பெண். சுறா கொஞ்சம் நார். நெத்திலி சிப்ஸ் மாதிரி நொறுங்கும். கெலாமா வந்தபோது சில்வெஸ்டரும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். சரக்கில் குறை சொல்லியே பழக்கமில்லாத மனுஷன். "உப்பு கூடிப்போச்சு" என்றார். லில்லியன் அவரை முறைத்தாள். அவளும் ஒரு துண்டு தின்றாள். முகம் சுருங்கிற்று.

"ஆமாங்க, கூடத்தான். இது வேணாம்" என்று அதைக் கூடையோடு உள்ளே தள்ளினாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் எதைச் சொன்னாலும் கூட்டம் நம்பியது. எனக்கு இரண்டு, எனக்கு மூன்று என்று கைகள் நீண்டன. பிரசாதம் இருக்கிற பஸ்ஸில் கருவாட்டை ஏற்ற முடியாது. வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பாக்கெட்டின் மேல் அவரவர் பேரை எழுதிக் கடையிலேயே வைத்துவிட்டு, ஐப்பசி முதல் நாள் சில்வெஸ்டர் வேனில் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவாயிற்று. கமலாதேவி சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டார்.

"அந்த நெத்திலி தலை கிள்ளினதோ, கிள்ளாததோ?"

"ரெண்டும் இருக்கும்மா."

"கிள்ளினதில ரெண்டு எடுத்து வை. பேர் எழுத வேண்டாம்."

இராமையா பணப்பையை எடுத்தார். லில்லியன் கையைத் தட்டிவிட்டாள்.

"காசு இப்ப வேணாம்ணே. தின்னது என் வாயி. உங்க வாய் என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுத்தான் காசு."

பஸ் மின்மினி பார்க்கப் போய்விட்டது. ஜெயதீபன் ஏறும்போது, "சேல்ஸ் ஒண்ணும் இல்லையே ஆன்ட்டி. ஐப்பசி வரட்டும், பாப்போம்" என்று இழுத்தான். மாலையில் அலீசியா கூப்பிட்டாள்.

"எவ்வளவு வித்தீங்க மம்மி?"

"ரெண்டு தொப்பி."

லில்லியன் நடந்ததைச் சொன்னாள். அலீசியா சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு, "மம்மி, டூர் வர்றவங்க அப்படித்தான் சொல்வாங்க லா. வீட்டுக்குப் போனா மறந்துடுவாங்க" என்றாள். பொய்யில்லை. லில்லியனும் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! ஐப்பசி முதல் நாள் வரைக்கும் பொறுக்கும்படி மகளைக் கெஞ்சினாள். அவள் யாரையும் கெஞ்சி அலீசியா கேட்டதில்லை. சரி என்றாள்.

பேர் எழுதிய பாக்கெட்டுகள் அலமாரி நிறைய உட்கார்ந்திருந்தன. வழி தவறி வந்த ஒரு கார்க்காரர் நல்ல தெங்கிரியாக அத்தனையும் கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பினாள். சில்வெஸ்டர் வேனைக் கழுவி, டயருக்குக் காற்றடித்து வைத்தார். புரட்டாசி கடைசி நாள் பகலில் ஜெயதீபனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "வேன் கேன்சல் ஆன்ட்டி. அனுப்பாதீங்க." அவ்வளவுதான் இருந்தது. லில்லியன் திருப்பிக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மறுநாள் காலை அலீசியா குழந்தையோடு வந்தாள். அலமாரியைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சரிடி, வர்றேன்" என்றாள் லில்லியன். "சாமான் கொஞ்சம் ஒதுங்க வைக்கணும். ஒரு மாசம் குடு."

அலீசியா ஈதனை அவள் மடியில் வைத்தாள். அவன் பாட்டியின் மூக்கைப் பிடித்து இழுத்தான். பவுடர் வாசனையும் பால் வாசனையுமாக இருந்தான். தினமும் இவனைக் குளிப்பாட்டலாம், சோறு ஊட்டலாம், இவன் முதல் அடி வைக்கிறபோது பக்கத்தில் இருக்கலாம். போவதும் அவ்வளவு மோசமில்லை என்று லில்லியனுக்குத் தோன்ற ஆரம்பித்தது. லிஃப்டைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் சாலை முனையில் பஸ் ஹாரன் கேட்டது. பஸ்ஸுக்குப் பின்னால் நாலைந்து கார்கள். முதல் ஆளாக இராமையா குதித்து இறங்கினார். நெற்றியில் நாமம் இல்லை. கையில் பெரிய அடுக்குச் சட்டி.

"தங்கச்சி, அடுப்பப் பத்த வை!"

"வேன் வேணாம்னு சொன்னீங்களேண்ணே!"

"பின்ன? எங்க வாயி சொன்னாத்தான் காசுன்னது யாரு? நாங்க சாப்பிடணும்னா உன் கை பொரிக்கணும். வேனா பொரிக்கும்?"

அவர் பின்னாலேயே கங்கா ரசத்தோடு இறங்கினாள். ஒரு வீட்டார் சோற்றுப் பானையோடு, ஒரு வீட்டார் வாழை இலையோடு, இன்னொருவர் அப்பளக் கட்டோடு. மாதம் முழுவதும் கட்டிவைத்த நாக்குகள் விடிவதற்கு முன்பே கிள்ளானை விட்டுக் கிளம்பியிருந்தன. கடைசியாக ஜெயதீபன் வந்தான். "ஆன்ட்டி, நாங்க வர்றோம்னு சொல்ல மறந்துட்டேன்" என்றான். லில்லியன் அவனை அடிக்கக் கரண்டியைத் தேடினாள். கரண்டி கிடைத்ததும் பொரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு குவாலி போதவில்லை. கக் ரொஸ்னா தன் இறால் வடைக் குவாலியைத் தூக்கி வந்து, அன்றைக்கு வாழைப்பழம் சீந்துவாரில்லாமல் கிடப்பதைத் திட்டிக்கொண்டே பொரித்தாள். அலீசியா ஷா ஆலம் சட்டையோடு அடுப்பெதிரே நின்று, "நெத்திலி யாருக்கு? நெத்திலி!" என்று கத்தினாள். அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று சில்வெஸ்டருக்கு மட்டும் தெரியும். கமலாதேவி நாற்காலி போட்டு நடுவே உட்கார்ந்து, இலையில் வைத்ததை ஒன்று விடாமல் சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு பிள்ளை" என்றார். பிறகு பேர் எழுதாத தன் பாக்கெட்டுகளைக் கேட்டு வாங்கினார். அலமாரி காலியாயிற்று. கெலாமாவையும் ஊறவைத்துக்கொள்கிறோம் என்று கூடையோடு எடுத்துக்கொண்டார்கள். ஜெயதீபன் அடுத்த வாரத்துக்கும் அதற்கடுத்த வாரத்துக்கும் பஸ் சொல்லிவிட்டு, கழிப்பறை மட்டும் ஒன்று கட்டச் சொன்னான்.

கூட்டம் போனபின் அலீசியா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். உடம்பெல்லாம் கருவாட்டு மணம்.

"சரி மம்மி, நான் ஒத்துக்கறேன். நீங்க இங்கயே இருங்க. இனிமே கேக்க மாட்டேன். ஈதனுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

தூங்கிப்போயிருந்த குழந்தையைக் காரில் படுக்கவைத்து இருக்கைப் பட்டையைப் போட்டாள். லில்லியன் கார் பக்கத்தில் எண்ணெய்க் கையை மார்போடு ஒட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. கடை இருக்கிறது, குரல் இருக்கிறது, வாரா வாரம் பஸ் வரும். காலையில் ஒரு மணி நேரம் மடியில் கிடந்தவன் மட்டும் போகப்போகிறான். அவள் கண் பொலபொலவென்று கொட்டிற்று. துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

"இப்ப எதுக்கு அழறீங்க? நீங்கதானே ஜெயிச்சீங்க?"

"அதுக்குத்தான்டி அழறேன்."

அலீசியா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அம்மாவின் எண்ணெய்க் கையைப் பார்த்தாள். பிறகு வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, பின் கதவைத் திறந்து குழந்தையின் பட்டையை அவிழ்த்தாள்.